ஷுன்சுகே நகமுரா வெறும் ஃப்ரீ கிக் ஆட்டக்காரர்தானா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஜப்பானின் ஷுன்சுகே நகமுரா என்றாலே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அடித்த அந்த ஃப்ரீ கிக்கைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அவர் உண்மையிலேயே பெரிய நடுக்கள வீரரா, இல்லை நின்ற பந்தை நன்றாக அடிப்பவர் மட்டும்தானா? பெரிய ஆட்டக்காரர் என்றால் 2002, 2010 உலகக் கோப்பைகளில் ஏன் ஓரங்கட்டப்பட்டார்?"

இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் என் பார்வையில் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். எல்லோரும் காட்டுகிற அந்த கோலிலிருந்தே தொடங்குகிறேன். அதை ஆற அமரப் பார்த்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

2006 நவம்பர் 21. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், நகமுரா அப்போது ஆடிய செல்டிக் கிளப்பின் செல்டிக் பார்க் மைதானம், சாம்பியன்ஸ் லீக் குழு ஆட்டம். நம் நேரத்துக்கு நள்ளிரவு 1.15க்குத்தான் ஆட்டமே ஆரம்பம். தூங்காமல் பார்த்தவர்களில் நானும் ஒருவன். 80 நிமிடம் வரை கோல் இல்லை. பந்து பெரும்பாலும் யுனைடெட் பக்கம்தான் இருந்தது. செல்டிக்கின் யாரோஷிக்கை யுனைடெட்டின் விடிச் தள்ளிவிட, நடுவர் ஃப்ரீ கிக் கொடுத்தார். கோலிலிருந்து கிட்டத்தட்ட 27 மீட்டர். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து பலத்தை நம்பி ஓங்கி அடிப்பார்கள், இல்லாவிட்டால் கூட்டத்துக்குள் தூக்கிப் போடுவார்கள். நகமுரா பந்தை வைத்தார், சில எட்டு பின்னே போனார், வளைத்து அடித்தார். சுவராக நின்றவர்களின் தலைக்கு மேலே ஏறிய பந்து மேல் மூலையில் போய் விழுந்தது. யுனைடெட் கீப்பர் எட்வின் வான் டெர் சார் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம். பாய்ந்தும் அவர் கைக்கு எட்டவில்லை. கடைசி நேரத்தில் யுனைடெட்டுக்குக் கிடைத்த பெனால்ட்டியை செல்டிக் கீப்பர் போருட்ஸ் தடுத்துவிட்டார். 1-0. சாம்பியன்ஸ் லீக்கில் செல்டிக் கடைசி 16 அணிகளுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

பலருக்கு மறந்துபோன இன்னொன்றும் உண்டு. அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 13 அன்று, யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டிலும் இதே வான் டெர் சாருக்கு எதிராக இதே மனிதர் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்திருந்தார். அந்த ஆட்டத்தில் செல்டிக் 3-2 எனத் தோற்றதால் அதைப் பற்றிப் பேச்சு குறைவு. ஒரே கீப்பர், ஒரே சீசனில் இரண்டு தடவை. இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

அந்த உதையில் என்ன நடக்கிறது? தடுப்புச் சுவர் 9.15 மீட்டர் தள்ளி நிற்கிறது. பந்து அதைத் தாண்டுமளவு சீக்கிரம் ஏற வேண்டும், ஆனால் கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்துவிடவும் கூடாது. ஏறிய பந்து மறுபடி இறங்கப் போதுமான சுழற்சி வேண்டும். சுழற்சியைக் கூட்டினால் வேகம் குறைந்து கீப்பருக்கு நேரம் கிடைத்துவிடும். வேகத்தைக் கூட்டினால் பந்து இறங்காது. நகமுராவின் ஃப்ரீ கிக் காட்சிகளை மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அவர் இடுப்பைப் பாருங்கள். வலது கால் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றியதும் இடுப்பு முழுவதும் திரும்புகிறது, இடது கால் அதற்குப் பின்னால் சாட்டை மாதிரி வருகிறது. காலின் பலத்தைவிட உடம்பின் திருகலில்தான் அந்தச் சுழற்சி பிறக்கிறது. அதனால்தான் பந்து வேகமாகவும் போகிறது, வளையவும் செய்கிறது. ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்குள் அவர் பந்தை அடிக்கும் காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். அதே உதைதான் அது.

ஃப்ரீ கிக் என்பது ஆட்டம் நின்றுபோகும் தருணம். யாரும் உங்கள் மேல் வந்து விழப்போவதில்லை, ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டியதும் இல்லை. கண்ணும் காலும் மட்டும் போதும். நகமுராவிடம் அந்த இரண்டும் உலகத்தரத்தில் இருந்தன. வேகமும் உடல்பலமும் அப்படி இல்லை. அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதுமே இந்த ஒரு கணக்குதான். ஓடும் ஆட்டத்தில் அரை வினாடி அவகாசம் கிடைத்தால் அவர் எதையும் செய்வார். அந்த அரை வினாடியை ஏற்பாடு செய்து கொடுத்த பயிற்சியாளர்களுக்குக் கோப்பைகள் கிடைத்தன. அதைக் கொடுக்க மனமில்லாத அல்லது கொடுக்க முடியாத பயிற்சியாளர்கள் அவரை வெளியே உட்கார வைத்தார்கள்.

இது சிறு வயதிலேயே ஆரம்பித்துவிட்டது. 1978 ஜூன் 24 அன்று யோகோஹாமாவில் பிறந்தவர். உள்ளூர் கிளப்பான மரினோஸின் சிறுவர் அணியில் வளர்ந்தார். அடுத்த படியான இளைஞர் அணிக்கு ஆள் எடுக்கும்போது அவரை எடுக்கவில்லை. அப்போது அவர் உயரம் சுமார் 160 சென்டிமீட்டர்தான். பதினைந்து வயதுப் பையனிடம் 'உனக்கு இங்கே இடமில்லை' என்று சொல்லியாயிற்று. பக்கத்து நகரமான கவாசாகியில் உள்ள தோகோ ககுவேன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். உயரமும் மெல்ல மெல்லக் கூடியது. பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் தனியாக நின்று பந்தை அடித்துக்கொண்டிருக்கும் பழக்கமும், ஆட்டத்தைப் பற்றி நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கும் பழக்கமும் பள்ளி நாட்களிலேயே வந்துவிட்டன. தன் குறை, அடுத்த இலக்கு என்று தேதி போட்டு எழுதும் அந்த வழக்கத்தைத் தொழில்முறை ஆட்டக்காரரான பிறகும் அவர் விடவில்லை. கடைசி ஆண்டில் அவர் பள்ளி அகில ஜப்பான் உயர்நிலைப் பள்ளிப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. 1997இல், வேண்டாம் என்ற அதே மரினோஸ் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரராக ஒப்பந்தம் செய்தது.

ஜப்பானியர்கள் 10 எண் சட்டை போட்டு ஆட்டத்தை நடத்துபவரை 'ஷிரெய்தோ' என்பார்கள். கட்டளைக் கோபுரம் என்று பொருள். உயரத்தில் நின்று முழுக் களத்தையும் பார்த்து, எங்கே யார் போக வேண்டும் என்று காட்டுபவர். தொண்ணூறுகளில் பிரேசிலின் ஜீக்கோ ஜப்பானுக்கு வந்து கஷிமாவில் ஆடிய காலத்தில் வளர்ந்த பையன்களுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு தனி மோகம். நகாடா, ஓனோ, எண்டோ என்று ஒரே தலைமுறையில் இத்தனை நடுக்கள வீரர்கள் வந்தது சும்மா இல்லை. அவர்களில் அந்தச் சொல் அப்படியே பொருந்துகிறவர் என்று என்னைக் கேட்டால் நகமுராவைத்தான் சொல்வேன். 2000இல், 22 வயதில், ஜே லீக்கின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

சரி, அப்புறம் ஏன் 2002இல் விட்டார்கள்?

அப்போதைய ஜப்பான் பயிற்சியாளர் பிரான்ஸைச் சேர்ந்த ஃபிலிப் த்ரூசியே. அவருடைய ஆட்டமுறையில் பின்னால் மூன்று தடுப்பாட்டக்காரர்கள், இரண்டு ஓரங்களிலும் ஆளுக்கொருவர் கோட்டோரமாக மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஹிதெத்தோஷி நகாடா. இடது கால்காரரான நகமுராவை த்ரூசியே இடது ஓரத்தில் போட்டார். அங்கிருந்தும் அவர் வேலை செய்தார். 2000 ஆசியக் கோப்பை லெபனானில் நடந்தபோது, இறுதி ஆட்டத்தில் சவூதி அரேபியாவை 1-0 என ஜப்பான் வென்றது. அந்த ஒரே கோலை மொச்சிசுகி அடித்தது நகமுராவின் ஃப்ரீ கிக்கிலிருந்து வந்த பந்தில்தான். ஆனால் அந்த இடத்தில் ஓட்டமும் தடுப்பும் முதல் தேவை, பாஸ் இரண்டாவது. சொந்த மண்ணில் உலகக் கோப்பை நெருங்கியபோது இடது ஓரத்துக்கு ஓனோவும் சாந்தோஸும் முன்னே போனார்கள். 23 பேர் பட்டியலில் நகமுரா இல்லை. 34 வயது நகயாமாவுக்கு இடம் கிடைத்தது.

த்ரூசியேவின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஓர் அமைப்பை உருவாக்கியவர் அதற்குப் பொருந்துகிறவரைத்தான் எடுப்பார். ஆனாலும் மியாகியில் மழையில் நடந்த அந்தத் துருக்கி ஆட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்திலேயே ஒரு கோல் பின்தங்கியது ஜப்பான். சாந்தோஸ் அடித்த ஒரு ஃப்ரீ கிக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 1-0 என்று தோற்று வெளியேறினார்கள். நின்ற பந்தில் ஒரே ஒரு கோல் தேவைப்பட்ட நாளில், அந்த வேலைக்கென்றே பிறந்தவர் அணியில் இல்லை. பதினொருவரில் வேண்டாம், 23 பேரில் ஒருவராகவாவது வைத்திருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் கோடையிலேயே அவர் இத்தாலிக்குப் போனார். பெரிய கிளப் இல்லை. இத்தாலியின் கால் நுனியில் இருக்கும் ரெஜ்ஜோ கலாப்ரியா நகரின் ரெஜினா. ஒவ்வொரு ஆண்டும் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்புவதே அவர்களுக்குப் பெரிய சாதனை. முதல் சீசனில் 7 லீக் கோல்கள். அட்டலாண்டாவுடன் பிளே ஆஃப் ஆடித் தப்பினார்கள். மூன்று சீசன் இருந்தார், மூன்றிலும் அணி முதல் டிவிஷனிலேயே நின்றது. காயங்களும் இருந்தன, பந்து காலுக்கு வராத நாட்களும் இருந்தன.

இடையில் ஜீக்கோ ஜப்பானின் பயிற்சியாளரானதும் காற்று மாறியது. தானே ஒரு 10ஆம் எண் மனிதர் என்பதால் இந்த வகை ஆட்டக்காரரை அவருக்குத் தெரியும். இந்தியாவுக்கு இதில் ஒரு சின்ன இடம் உண்டு. 2004 ஜூனில் சைத்தாமாவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் ஜப்பான் நம்மை 7-0 என நசுக்கியது. அதில் ஒரு கோல் நகமுராவுடையது.

அதே ஆண்டு சீனாவில் நடந்த ஆசியக் கோப்பைதான் அவர் திறமை முழுசாகத் தெரிந்த இடம். காலிறுதியில் சோங்சிங் நகரில் ஜோர்டானுடன் 1-1, பெனால்ட்டி ஷூட் அவுட். முதலில் அடிக்கப் போனவர் நகமுரா. ஊன்றிய கால் வழுக்கியது, பந்து வானத்துக்குப் போயிற்று. அடுத்து போன சாந்தோஸுக்கும் அதே வழுக்கல், அதே கதி. தரை சரியில்லை என்று புரிந்துகொண்ட கேப்டன் மியாமோட்டோ நேராக நடுவரிடம் போய்ப் பேசினார். மலேசிய நடுவர் கேட்டுக்கொண்டார், மீதி உதைகள் எதிர்ப் பக்க கோலுக்கு மாற்றப்பட்டன. ஷூட் அவுட் நடுவில் பக்கம் மாற்றியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கீப்பர் கவகுச்சி அடுத்தடுத்துத் தடுக்க, ஜப்பான் தோல்வியின் விளிம்பிலிருந்து 4-3 என மீண்டது. பெய்ஜிங்கில் இறுதி ஆட்டம், எதிரே சீனா, அரங்கம் முழுவதும் ஜப்பானுக்கு எதிரான கூச்சல். 3-1 என்று ஜெயித்தார்கள். முதல் இரண்டு கோல்களும் நகமுரா அனுப்பிய நின்ற பந்துகளிலிருந்து வந்தவை. கோல் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு.

நின்ற பந்து மட்டும்தானா என்ற சந்தேகத்துக்கு 2005 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் பிரேசிலுக்கு எதிரான ஆட்டத்தைப் பாருங்கள். ஃப்ரீ கிக் இல்லை, ஓடும் ஆட்டத்தில் தூரத்திலிருந்து இடது காலால் ஒரே அடி. ஆட்டம் 2-2. அடுத்த மாதமே செல்டிக் அவரை வாங்கியது.

செல்டிக்கின் பயிற்சியாளர் கோர்டன் ஸ்ட்ராகன் செய்த காரியத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஸ்காட்லாந்து லீக் முரட்டு லீக், காற்றும் மழையும் வேறு. அங்கே ஒல்லியான, வேகம் குறைந்த ஜப்பானியர் என்ன செய்வார் என்று பலர் கேட்டார்கள். ஸ்ட்ராகன் அவரை வலது ஓரத்தில் நிறுத்தினார். இடது கால்காரரை வலது பக்கம் நிறுத்தினால் பந்தை உள்பக்கமாகத் திருப்பும்போது முழுக் களமும் அவர் கண்ணுக்கு முன்னால் விரியும். நடுவில் முட்டி மோதிப் பந்தைப் பிடுங்கும் வேலைக்கு நீல் லெனன் போன்றவர்கள் இருந்தார்கள். அரை வினாடிக்கு ஏற்பாடு ஆயிற்று. 2006, 2007, 2008 என்று தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள். 2006–07 சீசனில் ஸ்காட்லாந்தின் சக ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த விருதும் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த விருதும் அவருக்கே. அந்த சீசனின் பட்டத்தை உறுதிசெய்ததும் அவர்தான். 2007 ஏப்ரல் 22, கில்மார்னக் மைதானம், 1-1, கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஃப்ரீ கிக், கோல். சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார். எப்போதும் அமைதியாக இருக்கும் மனிதர் என்பதால் அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. டண்டீ யுனைடெட் கீப்பரின் தலைக்கு மேலே மெல்லத் தூக்கிப் போட்ட கோலையும், 2008 ஏப்ரலில் ரேஞ்சர்ஸுக்கு எதிராகத் தூரத்திலிருந்து அடித்த கோலையும் தேடிப் பாருங்கள். இரண்டுமே ஃப்ரீ கிக் இல்லை.

2006 உலகக் கோப்பையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் பெயரில் ஒரு கோல், ஆனால் கடைசி எட்டு ஒன்பது நிமிடத்தில் மூன்று கோல் வாங்கி ஜப்பான் தோற்றது. ஒரு வெற்றிகூட இல்லாமல் திரும்பினார்கள்.

2009இல் ஸ்பெயினின் எஸ்பான்யோலுக்குப் போனது பலிக்கவில்லை. 13 லீக் ஆட்டங்கள், கோல் இல்லை. 2010 பிப்ரவரியில் மரினோஸுக்கே திரும்பிவிட்டார்.

அதற்குள் கெய்சுகே ஹோண்டா வந்துவிட்டார். 2009 செப்டம்பரில் நெதர்லாந்தின் என்ஸ்கெடேயில் நடந்த நட்பு ஆட்டத்தில் ஒரு ஃப்ரீ கிக். ஹோண்டா பந்துக்குப் பக்கத்தில் வந்து நான் அடிக்கிறேன் என்று நின்றார். நகமுரா விட்டுக்கொடுக்கவில்லை. ஜப்பானில் அதைப் பல நாள் பேசினார்கள். ஹோண்டாவும் சிறுவயதில் கம்பா ஒசாகாவின் இளைஞர் அணிக்கு வேண்டாமென்று விடப்பட்டு, பள்ளி அணி வழியாக மேலே வந்தவர். ஒரே பந்துக்கு நின்ற இரண்டு பேரும் ஒரே மாதிரியான கதவு அடைபட்டவர்கள்.

2010 உலகக் கோப்பைக்கு முந்தைய ஆட்டங்களில் ஜப்பான் தொடர்ந்து சொதப்பியது. மே மாதம் சொந்த மண்ணில் தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. நகமுராவுக்குக் கணுக்கால் தொந்தரவும் இருந்தது. பயிற்சியாளர் தகேஷி ஒகாடா கடைசி நேரத்தில் துணிந்து அமைப்பையே மாற்றினார். முதலில் கோலைக் காப்போம், பந்து கிடைத்தால் ஓடுவோம் என்று ஹோண்டாவை முன்னால் தனியாக நிறுத்தினார். பந்தைப் பிடித்து நிதானமாக ஆட்டத்தை நடத்துகிறவருக்கு அதில் இடமில்லை. தென்னாப்பிரிக்காவில் நகமுரா ஆடியது ஒரே ஒரு ஆட்டம், நெதர்லாந்துக்கு எதிராக, அதுவும் பதிலி ஆளாக. டென்மார்க்கை ஜப்பான் 3-1 என வென்று அடுத்த சுற்றுக்குப் போன அந்த ஆட்டத்தின் முதல் இரண்டு கோல்கள் எப்படி வந்தன தெரியுமா? இரண்டும் நேரடி ஃப்ரீ கிக்குகள். ஒன்று ஹோண்டா, ஒன்று எண்டோ. அதைப் பார்த்துக்கொண்டு நகமுரா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாட்டுக்காக 98 ஆட்டங்கள், 24 கோல்கள் என்ற கணக்கோடு அத்துடன் ஜப்பான் அணியிலிருந்து விலகினார். 2010இல் ஒகாடா செய்தது சரி என்றே சொல்வேன். 2002இல் த்ரூசியே செய்தது எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு 2013 இருந்தது. வயது 35. மரினோஸின் கேப்டன். அந்த சீசனில் லீக்கில் 10 கோல்கள் அடித்தார். பட்டத்துக்கு ஒரே வெற்றி தேவை என்ற நிலையில் நவம்பர் 30 அன்று சொந்த மைதானத்தில் 62,632 பேர் முன்னால் நீகாட்டாவிடம் 2-0 தோல்வி. சரி, கடைசி வாரம் இருக்கிறதே என்று கவாசாகிக்குப் போனார்கள். அங்கேயும் 1-0 தோல்வி. பட்டம் ஹிரோஷிமாவுக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும் அவர் புல்வெளியில் அப்படியே சரிந்து அழுதார். மூன்று நாள் கழித்து விருது விழா. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் நகமுரா. ஜே லீக் வரலாற்றில் அந்த விருதை இரண்டு தடவை வாங்கிய முதல் ஆள். இரண்டுக்கும் நடுவே 13 ஆண்டுகள். வேகத்தை நம்பி ஆடியவர்கள் முப்பதைத் தாண்டியதும் மங்கிப்போவார்கள். இவரிடம் குறைய வேகமே இருக்கவில்லை, கண்ணோ ஆண்டுக்கு ஆண்டு கூர்மையாயிற்று. 2014 ஜனவரி 1 அன்று பேரரசர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அதே ஹிரோஷிமாவை 2-0 என வென்றது மட்டும் அந்த சீசனின் ஆறுதல்.

2017இல் இவாட்டாவுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் நனாமி, லெபனான் ஆசியக் கோப்பையில் இவருடன் சேர்ந்து ஆடியவர். 2019இல் இரண்டாம் டிவிஷனில் இருந்த யோகோஹாமா எஃப்சி. அந்த ஆண்டே அவர்கள் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 2020 செப்டம்பரில் கவாசாகிக்கு எதிராக அவர்கள் இறக்கிய பதினொருவரில் மியுராவுக்கு 53 வயது, நகமுராவுக்கு 42, மட்சுயிக்கு 39. கடைசி ஆட்டம் 2022 அக்டோபர் 23, குமமோட்டோவில், 44 வயதில். ஜே லீக் முதல் டிவிஷனில் நேரடி ஃப்ரீ கிக்கில் அவர் அடித்தவை 24 கோல்கள், லீக்கின் சாதனை அதுதான். ஓய்வுக்குப் பிறகு அதே யோகோஹாமா எஃப்சியில் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார்.

எதைப் பார்ப்பது என்று கேட்டால், கோல் தொகுப்புகளை ஒதுக்கிவிட்டு 2006–07 சீசனின் ஏதாவது ஒரு செல்டிக் ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். வலது ஓரத்தில் 25ஆம் எண். பந்து அவரிடம் வருவதற்கு முன்னால் அவர் தலை எத்தனை தடவை திரும்புகிறது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.